இல்லத்தில் இறைவாக்கு

கத்தோலிக்க இல்லங்களில் விவிலியம் இல்லாத வீடு அரிது. ஆனால் அது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் திரு இருதயப் படத்தின் அருகே, பூவேலை செய்த துணிக்குள், திருமணப் பரிசாக வந்த நாளன்று இருந்தது போலவே புத்தம் புதிதாக இருக்கிறது! மரியாதைக்குக் குறைவில்லை, வாசிப்பதற்குத்தான் ஆளில்லை.

இதை எண்ணும்போது ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு கடிதம் நம் நினைவுக்கு வருகிறது. எழுதியவர் பெத்லகேமில் துறவியாக வாழ்ந்த மறைநூல் அறிஞர் புனித எரோணிமுஸ். உரோமையில் வாழ்ந்த லேத்தா என்னும் தாய், தன் சின்னஞ்சிறு மகள் பவுலாவை எப்படி வளர்ப்பது எனக் கேட்டதற்கு அவர் அளித்த பதில் அது.

இத்துணை பெரிய அறிஞர் எங்கிருந்து தொடங்குகிறார் தெரியுமா? விளையாட்டுப் பொருள்களிலிருந்து! மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகள் செய்து குழந்தையிடம் கொடுக்கச் சொல்கிறார். அவற்றை வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. கலைத்துப் போட்டாலும் அடையாளம் காண வேண்டும். எழுத்துக் கூட்டினால் சிறு பரிசு உண்டு. தாமதமாகப் புரிந்துகொண்டால் திட்டக்கூடாது. உடன் பயிலத் தோழியரும் வேண்டுமாம். (இதனை நம் கணக்குப் பாடத்திற்கும் பரிந்துரைக்கலாம் அன்றோ!) எழுதிப் பழகும் பெயர்களும் குலமுதுவர், இறைவாக்கினர், திருத்தூதர் ஆகியோருடையனவாக இருக்க வேண்டும். இவ்வாறு விளையாட்டினூடே மறைநூல் மனத்தில் படிகிறது.

பின்னர் வாசிப்புக்கும் ஒரு வரிசை தருகிறார். முதலில் திருப்பாடல்கள், அடுத்து நீதிமொழிகள், சபை உரையாளர், யோபு. அதன்பின் கையை விட்டு நீங்காதிருக்க வேண்டியவை நற்செய்திகள். நாள்தோறும் படித்த பகுதியைச் சிறுமி தாயிடம் ஒப்பிக்க வேண்டும். நகைகளையும் பட்டையும் விட மறைநூல் ஏடுகளையே அவள் விரும்ப வேண்டும்; அவற்றிலும் பொன் அலங்காரத்தை அல்ல, பிழையின்மையையே பார்க்க வேண்டும்.

இச்சிறுமியின் தாய்வழிப் பாட்டனார் கிறிஸ்தவர் அல்லர். உரோமைத் தெய்வங்களின் குரு. அவர் மடியிலிருந்தபடி பேத்தி மழலையில் அல்லேலூயா பாடுவதை எரோணிமுஸ் மகிழ்வோடு குறிப்பிடுகிறார். வீட்டில் இறைவாக்கை ஒலிக்கச் செய்ய ஒரு குழந்தையாலும் முடியும் என்பது இதனால் விளங்குகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில், மறைநூல் எல்லா விசுவாசிகளுக்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என அறிவித்தது. அச்சங்கத்தின் பயனாக ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்தன. முதலாண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, பின்னர் லூக்கா.

தேர்வன்று கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து நல்வாக்குத் தேடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதனை வாசிப்பு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. முன்னும் பின்னும் அறியாமல் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டால், அது நாம் விரும்பியதையே நமக்குச் சொல்லும்.

அதைவிட எளிய வழி உண்டு. அருள் நிறைந்த மரியே செபத்தின் முற்பகுதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தது. இன்றிரவு செபமாலை முடிந்ததும் அந்த அதிகாரத்தை வீட்டாருக்கு உரக்க வாசிக்கலாம். நாளை முதல் மாற்கு நற்செய்தி. அதில் 16 அதிகாரங்களே உள்ளன. நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் என்றால் அரையாண்டு விடுமுறை தொடங்கும் முன் முடித்துவிடலாம். வாசிக்கும் முறை தம்பிக்கும் ஒருநாள் வரட்டும். அவன் எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பொறுமையாய்க் கேட்போம்.