சங்கக் கணக்கும் தனி எண் விசைப்பலகையும்

எமது கிராமங்களிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் கணக்குகள் நெடுங்காலமாகப் பேரேட்டிலேயே எழுதப்பட்டு வந்தன. 1990 இல் குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டபின், குப்பி விளக்கொளியில் கூட்டிக் கழித்தவர்கள் பலர். இன்று பல சங்கங்களில் மடிக்கணனி உண்டு. ஆயினும் சிறிய மடிக்கணனிகள் பலவற்றில் இலக்கங்களுக்கெனத் தனியான பகுதி இல்லை. மேல் வரிசையில் தேடித் தேடித் தட்டும்போதே பிழைகள் நுழைகின்றன. வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஓர் அங்கத்தவரின் பணம் ஓர் இலக்கத்தால் குறைந்துவிடலாம்.

இதற்கு எளிய வழி, யு.எஸ்.பி. வயரால் பொருத்தும் தனி எண் விசைப்பலகை. பொருத்தியவுடன் பெரும்பாலும் வேறு மென்பொருளின்றி இயங்கும். கல்குலேற்றராகவும் பயன்படும் வகையும் உண்டு. அதில் சிறு திரை இருக்கும். கணித்த விடையை ஒரு விசையால் கணனிக்கு அனுப்பலாம். மின்சாரம் நின்றாலும் அது தனித்துக் கணக்குப் பார்க்கும்.

பழகும் முறை

5 ஆம் இலக்க விசையில் சிறு மேடு இருக்கும். நடுவிரலை அதில் வையுங்கள். சுட்டுவிரல் 4 இலும் மோதிரவிரல் 6 இலும் இருக்கட்டும். பெருவிரல் 0 ஐயும் சின்னவிரல் என்ரர் விசையையும் பார்த்துக்கொள்ளும். கண் பற்றுச்சீட்டை விட்டு அகலக்கூடாது.

கவனிக்க வேண்டியவை

1. நம் லொக் விசை இயங்குநிலையில் இருக்கவேண்டும். இல்லாவிடில் 2, 4, 6, 8 ஆகியவை இலக்கம் எழுதாமல் இடம் நகர்த்தும். புள்ளி விசையோ பதிந்த தொகையையே அழித்துவிடும்.

2. கைத்தொலைபேசியில் 1, 2, 3 மேலே இருக்கும். இங்கு 7, 8, 9 மேலே இருக்கும். 1963 இல் அமெரிக்காவில் அறிமுகமான விசைத் தொலைபேசியிலிருந்து வந்த வேறுபாடு இது. தொலைபேசிப் பழக்கத்தில் தட்டினால் 2,300 ரூபா 8,900 ரூபாவாகிவிடும்.

3. சாதாரண கல்குலேற்றரில் 1,000 + 500 × 2 என வரிசையாகத் தட்டினால் 3,000 வரும். எக்செல்லில் அதையே எழுதினால் முதலில் பெருக்கி 2,000 தரும். வட்டி பார்க்கும்போது இதனை மறவாதீர்கள்.

பிழையைக் கண்டுபிடித்தல்

மொத்தங்கள் ஒத்துவராவிடில் வித்தியாசத்தை 9 ஆல் பிரித்துப் பாருங்கள். மீதியின்றிப் பிரிபட்டால் இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 4,560 ஐ 5,460 எனப் பதிந்தால் வித்தியாசம் 900. மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறித் தட்டுப்பட்டிருந்தால் வித்தியாசம் 6 ஆல் பிரிபடும். மேற்சொன்ன உதாரணத்தில் அது 6,600. இவை சந்தேகத்தைக் காட்டும் அடையாளங்களே. பற்றுச்சீட்டைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

ஒருவர் வாசிக்க மற்றவர் பதிவதும், பதிந்ததை அவர் திருப்பி வாசிப்பதும் நல்ல வழக்கம். கணனி தட்டியதைக் கூட்டுமேயன்றி, தட்டியது சரியா என்று கேளாது. அங்கத்தவரின் பணத்துக்குப் பொறுப்பு எங்கள் விரல்களிலேயே இருக்கின்றது.