வீட்டுத் தையல் இயந்திரமும் அதன் பராமரிப்பும்

நம் நாட்டு இல்லங்களில் உள்ள இயந்திரங்களுள் மிகுதியாக உழைப்பதும், மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் யாதெனில், தையல் இயந்திரமே என்று கூசாமற் சொல்லலாம். கடிகாரம் நின்றுவிட்டால் அன்றே அதனைக் கடைக்கு எடுத்துச் செல்கிறோம். சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறோம். ஆனால் கூடத்து மூலையில் நிற்கும் 'மிஷின்' மட்டும் பாட்டி காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருப்பதனாலேயே இனியும் ஓடும் என்று எண்ணிவிடுகிறோம். அது ஓடும் என்பதும் உண்மையே. ஆயின், அதற்கு நாம் சில சிறு உபகாரங்களைச் செய்தல் வேண்டும். அவை எவை, அவற்றின் காரணம் யாது என்பதை, நான் கண்டறிந்த அளவில் நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

நான் பிறந்தது போடிநாயக்கனூர். வளர்ந்தது அதற்கு மேலுள்ள ஏலமலைத் தோட்டத்து லயத்தில். போடியிலிருந்து முந்தல் வழியாகப் பதினேழு கொண்டையூசி வளைவுகள் ஏறினால் சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு வரும். அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. ஆகஸ்டு தொடங்கிப் பிப்ரவரி வரையில் காயெடுப்பு நடைபெறும். அதன்பின் வரும் கோடை மாதங்களில் பெண்களுக்கு வேலை குறைவு. என் தாயார் அம்மாதங்களில் எல்லாம் ஒரு பழைய கறுப்பு மிஷினைக் கொண்டே எங்கள் உணவையும், பின்னர் என் கல்லூரிச் சம்பளத்தையும் ஈட்டினார். லயத்துப் பெண்களின் ரவிக்கையும் குழந்தைகளின் சட்டையும் மாத்திரமன்று. போடியில் இலவம்பஞ்சு வெடிக்கும் பங்குனி, சித்திரையில் தலையணை உறைகளும் அவருக்கு வரும். இந்தப் பஞ்சுதான் பின்னர் எங்களுக்குப் பெருந்தொல்லையாக முடிந்தது.

ஓராண்டு தீபாவளிக்கு இரு வாரம் இருக்கும்போது மிஷின் கனத்தது. மிதியை மிதித்தால் கால் சோர்ந்தது, துணி நகரவில்லை, ஒரே இடத்தில் தையல் குவிந்து நூல் அறுந்தது. ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் ஒருவரிடம் காட்டினோம். "ஷட்டில் தேய்ந்துவிட்டது" என்றார் அவர். புதிய ஷட்டில் மாட்டி, என் ஒரு மாத விடுதிச் செலவுக்கு நிகரான தொகையைப் பெற்றுக்கொண்டார். ஐந்து நாட்களில் பழைய நோய் திரும்பிற்று. தீபாவளித் துணிகள் வெட்டப்பட்டுக் கட்டுக்கட்டாகக் கிடந்தன; வாங்கிய முன்பணமோ ஏற்கெனவே அரிசியாகிவிட்டது. அப்பொழுது மற்றொரு முதிய தச்சுவினைஞர் எங்கள் மிஷினைத் திருப்பி வைத்து, ஊசித்தட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். அடியில் துணியைத் தள்ளும் பல் வரிசைகளுக்கு நடுவே, கம்பளம் போல் இறுகிய வெண்பஞ்சு அடைத்திருந்தது. "ஷட்டில் கெடவில்லை, தாயி; வயிறு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். ஊக்கின் முனையால் அதைக் கிளறி எடுத்தபோது என் தாயார் ஒன்றும் பேசவில்லை. கொடுத்த பணத்தை நினைத்தாரோ என்னவோ!

அவ்வடைப்பின் காரணம் எளிது. ஊசியின் பின்னே இருக்கும் பற்கள் ஒவ்வொரு தையலுக்கும் தட்டின் மேல் எழும்பி, துணியைப் பிடித்து ஒரு தையல் தூரம் தள்ளி, பின் கீழே இறங்கித் திரும்ப வேண்டும். பல்லிடுக்கில் பஞ்சு இறுகிவிட்டால், பற்கள் துணியை எட்டிப் பிடிக்கும் உயரம் குறைந்துபோகும். அப்பொழுது துணி நிற்கும், ஊசி நிற்காது. மாதம் ஒருமுறை, இலவம்பஞ்சு உறை தைப்பவர்கள் வாரம் ஒருமுறை, ஊசித்தட்டைக் கழற்றிப் பழைய பல்விளக்கும் தூரிகையினால் துடைத்தெடுத்தலே போதும். வாயால் ஊதுதல் ஆகாது. மூச்சின் ஈரம் உள்ளே படிந்து துருவாகும், பஞ்சும் இன்னும் ஆழத்திற்குப் போய்விடும்.

இனி, மிதி கனத்ததன் காரணம் வேறு. அது எண்ணெயைப் பற்றியது. எங்கள் குற்றமும் அதில் உண்டு. மிஷின் எண்ணெய்ப் புட்டி தீர்ந்ததால், சமையலறையிலிருந்த நல்லெண்ணெயை இரண்டு வருஷமாக விட்டு வந்தோம். எண்ணெய் எண்ணெய்தானே என்பது எங்கள் வாதம். ரசாயனம் படிக்கும் மாணவர் இதனை உடனே மறுப்பர். நல்லெண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அதன் அயோடின் எண் 100-ஐத் தாண்டும். காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து அது சிறுகச் சிறுகக் கெட்டியாகிப் பிசினாக மாறும். தேங்காயெண்ணெயின் அயோடின் எண் 10-ஐ ஒட்டியதே. ஆதலின் அது அவ்வாறு பிசினாவதில்லை. ஆனால் அது சுமார் 24 பாகை சென்டிகிரேடில் உறையும். மார்கழிக் காலையில் போடிமெட்டில் புட்டியிலுள்ள தேங்காயெண்ணெய் வெள்ளைக் கட்டியாவதை யாவரும் கண்டிருப்பர். மிஷினின் தாங்கிகளிலும் அதுவே நிகழும். விளக்கெண்ணெயோ இயல்பாகவே தடித்தது. தையல் மிஷினுக்கென விற்கப்படும் எண்ணெய் நிறமற்ற, மெல்லிய கனிம எண்ணெய். அது எளிதில் காற்றால் மாறாது, குளிரில் உறையாது. விலையும் பெரிதன்று. இந்த ஒரு பொருளில் சிக்கனம் செய்வது வீண் சிக்கனம் என்பதே என் முடிபு.

பிசின் பிடித்த மிஷினைத் திருத்த அம்முதியவர் செய்த சிகிச்சை மிகப் பழைய சிகிச்சை. கம்பெனிகள் முற்காலத்தில் வெளியிட்ட கையேடுகளிலும் அதனைக் காணலாம். எல்லா எண்ணெய்த் துளைகளிலும் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, நூலின்றியும் துணியின்றியும் அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்துச் சற்று நேரம் வேகமாக ஓட்டினார். பழுப்புச் சாறு வழிந்தது. அதைக் கந்தையால் துடைத்து, இரண்டாம் முறையும் அவ்வாறே செய்து, பின்னர் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு துளியாக விட்டார். மண்ணெண்ணெய் கரைக்குமே தவிர உராய்வைத் தாங்காது. ஆதலால் எண்ணெய் விடாமல் நிறுத்திவிடக் கூடாது. அடுப்புக்கருகில் இதைச் செய்யலாகாது என்பதும், மோட்டார் பூட்டிய மிஷினானால் மின்இணைப்பை முதலில் பிரித்துவிட வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும். எனினும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் விடும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்புறத்துத் துளைகளை எல்லோரும் அறிவர். இடப்பக்க முகத்தகட்டைத் திறந்தால் ஊசிக்கம்பி ஏறியிறங்கும் இடம். மிஷினைச் சாய்த்தால் அடியில் உலோகம் உலோகத்தோடு உராயும் மூட்டுகள். ஷட்டில் ஓடும் வட்டப்பாதையில் ஒரே துளி. இவை பலரால் மறக்கப்படுகின்றன. எல்லாவற்றிலும் அதிகம் மறக்கப்படுவது இரும்புச் சட்டத்திலுள்ள மிதியும், அதனைப் பெரிய சக்கரத்தோடு இணைக்கும் கோலுமே. தலைக்கு எண்ணெய் தடவிக் காலை மறப்பது போலாகும் இது. தோல் பெல்ட்டில் மட்டும் எண்ணெய் படவே கூடாது, வழுக்கும். பெல்ட் தளர்ந்தால் அரை அங்குலம் வெட்டி மறுபடி கம்பியால் இணைத்தால் முடிந்தது.

எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒருமுறை? நாள் முழுதும் தைப்பவர் தினமும், வீட்டுத் தேவைக்குத் தைப்பவர் வாரம் ஒருமுறை என்பது பொதுவிதி. ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் ஒரே விதி பொருந்தாது. ஆடி மாதத்தில் கணவாய் வழியாக வீசும் காற்றுப் போடியில் வீட்டுக்குள் புழுதியைக் கொண்டுவந்து குவிக்கிறது. அங்கு எண்ணெயை மிகுதியாக விட்டால் புழுதியோடு கலந்து சாணைக்கல் மாவு போலாகி உலோகத்தைத் தேய்க்கும். ஆகவே சிறிதளவே விட்டு, வழிந்ததைத் துடைத்து, மூடியிட்டு வைக்க வேண்டும். அதே ஆடியில் ஏலமலையில் ஓயாத மழை; சுவரே வியர்க்கும். அங்குப் பகை புழுதியன்று, துரு. ஊசிக்கம்பி, பாதக்கம்பி முதலிய பளபளப்பான பாகங்களை எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைப்பதோடு, மிஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தியும் வைத்தல் நன்று. பிளாஸ்டிக் உறையைவிடப் பழைய பருத்திச் சேலை மேலானது. பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தும். பாபினில் துருப் பிடித்தால் நூலில் ஏறி வெள்ளைத் துணியைக் கறைப்படுத்தும். அக்கறை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இதை ஒரு திருமணச் சட்டையில் அனுபவித்தோம்.

இவ்வளவு சொல்லியும் ஊசியைப் பற்றிச் சொல்லாவிடில் பயனில்லை. தையல் விழாமல் தாண்டுகிறதென்றால், பத்தில் ஒன்பது பேர் டென்ஷன் திருகாணியைத் திருகத் தொடங்குகின்றனர். அது பிழை. ஊசி கீழே சென்று சற்றே மேலெழும்போது, நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. அவ்வளையத்துக்குள் ஷட்டிலின் முனை நுழைந்து, கீழ்நூலைச் சுற்றி அதனை இழுத்துச் செல்கிறது. இந்தச் சந்திப்பு மயிரிழை நுட்பமானது. ஊசி சிறிது வளைந்திருந்தாலும், முனை மழுங்கியிருந்தாலும், தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தாலும் முனை வளையத்தைப் பிடியாது. வீட்டு ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாயிருக்கும். அப்பக்கம் ஷட்டில் முனையை நோக்கியிருக்க வேண்டும், நூல் நீண்ட பள்ளமுள்ள எதிர்ப்பக்கத்திலிருந்து கோக்கப்பட வேண்டும். பழைய ஊசியைக் கழற்றும்போதே அது நிற்கும் விதத்தைக் கவனித்துக்கொண்டால் குழப்பமில்லை. ரவிக்கைத் துணிக்கு 11, 14 எண்களும், தடித்த கித்தானுக்கு 16, 18 எண்களும் பொருந்தும். ஏலக்காய்ச் சாக்கை இம்மிஷினில் தைக்க முயல்வோரும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கோணி ஊசி ஒன்று வாங்குங்கள் என்பதே.

ஊசியை மாற்றியும் குணமாகாவிடில் தையலைப் பாருங்கள். அடிப்புறத்தில் மேல்நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல் டென்ஷன் தளர்ச்சி. மேல்நூல் துணியின் மீது நேர்க்கோடாகக் கிடந்தால் அது இறுக்கம். அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். பாதம் உயர்ந்திருக்கையில் டென்ஷன் தட்டுகள் விலகியிருப்பதால் திருகுவதில் பயனில்லை. பாபின் கூட்டின் சிறு திருகாணியை இயன்றவரை தொடாதீர்கள். அது சரியா என்று அறியக் கூட்டை நூலோடு தொங்கவிட்டு லேசாக உதறலாம். சிறிதே இறங்கி நின்றால் சரி. சக்கரத்தை எப்போதும் நம்மை நோக்கியே சுழற்றுதலும் அவசியம். எதிராகச் சுழன்றால் நூல் ஷட்டிலில் சிக்கி முடிச்சாகும். எங்கள் வீட்டில் சக்கரத்தைச் சுழற்றி விளையாடிய தண்டனையை நான் பெற்றதுண்டு.

உதிரிப் பாகங்கள் கிடைக்குமோ என்ற அச்சம் வேண்டுவதில்லை. நம் வீட்டு மிஷின்களுள் பெரும்பாலானவை சிங்கர் கம்பெனியின் 15-ஆம் வகுப்பு அமைப்பைத் தழுவியவை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானியர் அதனையே பொதுமாதிரியாகக் கொண்டனர்; நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் தோன்றிய உஷாவும், லூதியானாவின் சிறு பட்டறைகளும் இவ்வழியே சென்றன. ஆகவே பாபினும் ஊசியும் ஷட்டிலும் போடியிலோ தேனியிலோ எளிதில் கிட்டும். ஸ்காட்லாந்திலுள்ள கிளைடுபாங்கு ஆலையில் செய்த சிங்கர்கள் இன்றும் சில வீடுகளில் ஓடுகின்றன. அவ்வாலையோ 1980-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. தையல் மிஷினின் சரித்திரமே பழுதுபார்த்தலிலிருந்து பிறந்ததென்பது பலர் அறியாத செய்தி. பிரான்சில் தீமோனியே 1830-லும், அமெரிக்காவில் ஹோவே 1846-லும் உரிமை பெற்றிருந்தனர். 1850-இல் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில் திருத்துவதற்காக வந்துகொண்டிருந்த வேறொரு மிஷினின் குறைகளைக் கண்டே ஐசக் சிங்கர் தம் அமைப்பை வகுத்து, 1851-இல் உரிமை பெற்றார்.

1924-இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளம் மாணவர், தாங்கள் இயந்திரம் அனைத்துக்கும் எதிரியோ என்று காந்தியடிகளை வினவியபோது, அடிகள் விலக்காக எடுத்துக்காட்டியது சிங்கரின் தையல் மிஷினையே. சிங்கர் தம் மனைவியின் கைவருத்தத்தைக் கண்டு இரங்கி அதனை ஆக்கினார் என்றும் அடிகள் கூறினார். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அக்கருத்துக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. எனினும் வினவிய மாணவர் பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு 1947-இல் திண்டுக்கல்லுக்கருகே காந்திகிராமத்தை நிறுவியவர் என்பதால், இவ்வரலாறு நம் பக்கத்தார்க்குச் சற்று நெருக்கமானதே.

கடைசியாக, ஓடாத மிஷினைப் பற்றி. ஓடும் மிஷினைவிட நிற்கும் மிஷினே விரைவில் கெடுகிறது. ஏனெனில் எண்ணெய்ப் படலம் வடிந்து, எஞ்சியது தடித்து, வெற்றுலோகம் ஈரத்துக்கு இலக்காகிறது. என் தாயார் இப்போது மலையிறங்கிப் போடியில் வசிக்கிறார். கண் மங்கியதால் தைப்பதில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் நூலை நீக்கி, பாதத்தை உயர்த்தி, ஐந்து நிமிஷம் மிஷினை ஓட்டி வைக்கிறார். பாதத்தைத் தாழ்த்தித் துணியின்றி ஓட்டினால் பல்லும் பாதமும் ஒன்றையொன்று தேய்க்குமென்பதை அவர் மறப்பதில்லை. எண்ணெய்த் துளைகள் கண்ணுக்குத் தெரியாததால், சென்ற விடுமுறையில் பேத்தியின் நகப்பூச்சைக்கொண்டு ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம் இட்டுக் கொடுத்தேன். பதினான்கு இட்டேன். அடியில் ஒன்று விட்டுப்போயிற்றென்று விரலால் தடவியே கண்டுபிடித்து, அதற்கும் ஒரு வட்டம் போடச் சொன்னார்.