புயற்காலப் பாதுகாப்புக்குக் கிராமத் தொண்டர் சங்கம்

வங்காள விரிகுடாவில் புயல் எழுவதைத் தடுக்க மனிதரால் ஆகாது. ஆயினும், புயல் வருமுன்னரே கிராமத்தார் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் உயிர்ச்சேதத்தைப் பெரிதும் குறைக்கலாம். இதற்கு அக்கடலின் வடகரையிலுள்ள வங்காளதேசமே தக்க திருஷ்டாந்தம்.

1970-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், அந்நாடு கிழக்குப் பாகிஸ்தானாயிருந்தபொழுது, புயலிலும் கடற்பெருக்கிலும் 3 லக்ஷம் முதல் 5 லக்ஷம் வரை ஜனங்கள் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. புயற்செய்தி வானொலியில் சொல்லப்படாமலில்லை. அதை வீடுதோறும் சென்று விளக்க ஆளும், ஒதுங்க இடமும் போதாமையால் பெருநாசம் விளைந்தது.

1972-ல் செஞ்சிலுவைச் சங்கத்தாரின் முயற்சியால் அங்கே கிராமத் தொண்டர் படை ஏற்பட்டது. மறு வருஷம் அரசாங்கமும் அதில் சேர்ந்தது. எச்சரிக்கை, புகலிடம், மீட்பு, முதலுதவி என்று தொண்டர்கள் பிரிந்து வேலை செய்கின்றனர். அபாயத்தின் அளவுக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று கொடிகள் ஏற்றப்படும்; எழுத்தறியாதாரும் அதைக் கண்டு அறிவர். குடியானவன் தன் மாட்டை விட்டு எளிதில் அசையான் என்பதை உணர்ந்து, கால்நடைகளுக்கென மண்மேடுகளும் எழுப்பப்பட்டன. 2020-ஆம் வருஷம் மே மாதத்தில் ஆம்பன் புயல் வருமுன் 20 லக்ஷத்துக்கு மேற்பட்டோர் அங்கே இடம் பெயர்க்கப்பட்டனர். இறந்தோர் தொகை நூற்றுக்கு மிகவும் குறைவே. புகலிடக் கட்டடங்களும் வானிலை அறிவும் பெருகியதும் இதற்குக் காரணமாகும்.

நம் கிராமங்களில் இத்தகைய சங்கம் அமைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. செய்யத்தக்கவை வருமாறு:

1. பத்து வீட்டுக்கு ஒரு தொண்டரை நியமித்தல். பெண்களும் இதில் இருத்தல் அவசியம்.

2. முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோரின் ஜாபிதாவைத் தயாரித்து, இன்னாரை இன்னார் அழைத்துச் செல்வதென்று முன்னமே தீர்மானித்தல்.

3. மனிதர் தங்கக் கெட்டிக் கட்டடத்தையும், மாடுகளுக்கு மேட்டுநிலத்தையும் குறித்து, அங்கே வைக்கோல் சேமித்தல். கொண்டுசெல்ல இயலாத மாடுகளைத் தறியிலிருந்து அவிழ்த்துவிடவேண்டும். கட்டிய மாடு வெள்ளத்தில் தப்பாது.

4. கயிறு, கோடரி, அரிவாள், மண்வெட்டி, விளக்கு இவற்றை ஓரிடத்தில் வைத்தல்.

5. புயல் ஓய்ந்தபின் வழியில் விழுந்த மரங்களை அகற்றி, வயல்நீரை வடித்து, சேதக் கணக்கைக் கிராம உத்தியோகஸ்தருடன் கூடிப் பதிவுசெய்தல்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்துக்கருகே கரைகடந்த கஜா புயலில் தென்னையையும் கால்நடையையும் இழந்தோர் இதன் அருமையை அறிவர். வேரூன்றிய தென்னையைப் பெயர்த்துக் காக்க இயலாது; உயிரையும் மாட்டையும் காக்கலாம். ஆதலால் நிலச்சொந்தக்காரரும் உத்தியோகஸ்தரும் ஆவணி மாதத்திலேயே கூடிச் சங்கத்தை அமைத்து, ஐப்பசிக்குள் ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவைப்பது உத்தமம்.