மூக்கு முடி: வெட்டலாமா, பிடுங்கலாமா?

அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போகிறீர்கள். கடைசியில் சலூன்காரர் கேட்கிறார்: "அண்ணா, மூக்குக்கும் வேக்ஸ் போட்டுடலாமா? ரெண்டே நிமிஷம்." திங்கட்கிழமை வீடியோ மீட்டிங் ஞாபகத்துக்கு வருது. தலையாட்டும் முன் இதைப் படிச்சிடுங்க.

மூக்கு முடி எதுக்கு?

தூசியைத் தடுக்கிற முதல் வாசல் அது. துருக்கியில் மூக்கு அலர்ஜி உள்ள 233 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. மூக்கு முடி மிகக் குறைவாக இருந்தவர்களில் 44.7% பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அடர்த்தியாக இருந்தவர்களில் 16.7% பேருக்குத்தான். இது ஒரு தொடர்பு மட்டுமே. முடியை வெட்டினால் ஆஸ்துமா வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பிடுங்கினால் என்ன ஆகும்?

சுமார் மூன்றில் ஒருவரின் மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சத்தமில்லாமல் குடியிருக்கிறது. முடியை வேரோடு இழுக்கும்போது சின்னக் காயம் உண்டாகும். அதன் வழியே பாக்டீரியா உள்ளே போனால் வலி, வீக்கம், சீழ்க்கட்டி வரலாம். வேக்ஸ், ட்வீசர் இரண்டிலும் இதே ஆபத்துதான்.

மூக்கின் மேல்பகுதியிலிருந்து உதட்டின் இரு ஓரங்கள் வரை உள்ள முக்கோணத்தை மருத்துவர்கள் 'ஆபத்து முக்கோணம்' என்கிறார்கள். இங்குள்ள ரத்தக் குழாய்களுக்கு மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிரைக் குழாய்களோடு இணைப்பு உண்டு. தொற்று அங்கே போவது மிக அரிது. ஆனால் போனால் உயிருக்கே ஆபத்து.

அப்போ என்ன செய்யலாம்?

• முனை மழுங்கிய சின்னக் கத்தரி அல்லது மூக்கு ட்ரிம்மர் போதும்.
• மூக்கைச் சிந்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள்.
• வெளியே எட்டிப் பார்க்கும் முடியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே ஆழமாகப் போக வேண்டாம்.
• முடி நீக்கும் கிரீம் மூக்குக்குள் கூடவே கூடாது. உள்தோல் வெந்துவிடும்.
• கருவியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். ரூம்மேட்டோடு பகிர வேண்டாம். சலூனுக்கும் உங்களுடையதையே கொண்டு போங்க.

எப்போது டாக்டர்?

மூக்கில் கட்டி வந்தால் பிதுக்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் உடனே காட்டுங்கள். காய்ச்சலோடு கடும் தலைவலி, கண் வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது என்றால் காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்த ஞாயிறு சலூனில் கேட்டால் சொல்லுங்க: "வேக்ஸ் வேணாம்ணா, ட்ரிம் பண்ணா போதும்."