ரிமோட் பேசும், கேட்காது

போன வருஷம் அம்மா தஞ்சாவூரிலிருந்து போன் செய்தார். "சேனல் மாறுதுப்பா. ஆனா டிவிய அணைக்க முடியல, சத்தமும் வைக்க முடியல. வாசப்படிகிட்ட நின்னு அமுக்கினா ஒரொரு சமயம் கேக்குது."

டிவியின் ரிமோட், செட்டாப் பாக்ஸின் ரிமோட் இரண்டும் உடைந்துபோனதால் ஒரே ஒரு யூனிவர்சல் ரிமோட் வாங்கி, இரண்டுக்கும் செட் பண்ணிக் கொடுத்திருந்தேன். இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுபவன் இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வான்? "ரீசெட் பண்ணிடலாம்மா" என்றேன். எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று பெங்களூரிலிருந்து சொல்லச் சொல்ல, அம்மா அப்படியே செய்தார். ரீசெட் வெற்றி. அதுவரை வேலை செய்த சேனல் பட்டனும் போயே போச்சு. கோடு எழுதி வைத்த சீட்டையும் காணோம். நான் ஊருக்குப் போகும் வரை பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் டிவி ஓடவில்லை. தனியாக இருப்பவருக்குச் சாயங்காலப் பேச்சுத்துணையே அதுதான்.

தப்பு ரிமோட்டில் இல்லவே இல்லை. அம்மா முதலில் சொன்ன வாக்கியங்களிலேயே அதற்கான ஆதாரம் முழுக்க இருந்தது. ஏன் என்று புரிய, ரிமோட் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ரிமோட்டின் நுனியில் இருப்பது ஒரு சின்ன எல்இடி விளக்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, சுமார் 940 நானோமீட்டரில், அது வீசுகிறது. சும்மா எரிந்தால் போதாது. வெயிலிலும் குண்டு பல்பிலும்கூட அகச்சிவப்பு உண்டு. 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனிக்காக யூஜின் பாலி வடிவமைத்த ஃபிளாஷ்மேட்டிக் என்ற ரிமோட் சாதாரண டார்ச் வெளிச்சத்தில்தான் வேலை செய்தது. டிவியின் மேல் வெயில் பட்டாலே அதுவும் கட்டளையாகிவிடும்! இந்தத் தொல்லைக்காகத்தான் இன்றைய ரிமோட்டுகள் ஒளியை விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்க விடுகின்றன. டிவியில் உள்ள சென்சார் அந்தத் துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற வெளிச்சத்தைத் தள்ளிவிடும்.

அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதுதான் மொழி. பரவலாகப் புழங்கும் என்ஈசி முறையில் முதலில் 9 மில்லி விநாடி ஒளி, பிறகு 4.5 மில்லி விநாடி இருட்டு. "கவனி" என்று கூப்பிடுவது போல. அதன்பின் 32 பிட்டுகள்: எந்தக் கருவிக்கு என்ற முகவரி, என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை, சரிபார்ப்பதற்காக இரண்டின் தலைகீழ் வடிவங்களும். பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்ஸ், சோனியின் முறை 40 கிலோஹெர்ட்ஸ். ஆளுக்கொரு பாஷை. யூனிவர்சல் ரிமோட் என்பது இந்தப் பாஷைகளின் அகராதியைச் சுமக்கும் ஒரு கருவி. நாம் போடும் மூன்று, நான்கு இலக்க கோடு, அகராதியில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

இங்கே முக்கியமான சங்கதி ஒன்று. இந்த ரிமோட் பேசும், கேட்காது. டிவி அணைந்ததா, சத்தம் கூடியதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. பட்டனை அமுக்கியதும் ரிமோட்டில் சிவப்பு லைட் மினுக்கினால் "அனுப்பினேன்" என்று அர்த்தம், "போய்ச் சேர்ந்தது" என்று அர்த்தமில்லை. அதனால்தான் ஆட்டோ சர்ச்சில் "டிவி அணைந்ததும் பட்டனை அமுக்கவும்" என்று நம்மிடம் கேட்கிறார்கள். ரிமோட் ஒவ்வொரு கோடாக அனுப்பிக்கொண்டே போகும். எது பலித்தது என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. ரிமோட்டுக்குக் காதும் கண்ணும் நாம்தான்.

ஆகவே பழுது பார்ப்பதென்றால், ஒளி போகும் பாதையை ஒவ்வொரு கட்டமாகச் சோதிப்பதுதான். நான் இப்போது கடைப்பிடிக்கும் வரிசை இது:

1. ஏதாவது ஒரு கருவிக்காவது ரிமோட் வேலை செய்கிறதா? செய்தால் பேட்டரியும் எல்இடியும் ஓரளவு சரி என்று அர்த்தம். எல்லாக் கருவிக்கும் அதே ஒரு விளக்குதான்.

2. எதுவுமே வேலை செய்யவில்லையா? புது பேட்டரி போட்டு, மொபைல் கேமரா வழியாக ரிமோட்டின் நுனியைப் பார்த்தபடி பட்டனை அமுக்குங்கள். வெளிறிய ஊதா நிறத்தில் மினுக்கும். பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். சில பின் கேமராக்களில் அகச்சிவப்பை வடிகட்டிவிடுவார்கள். (ப்ளூடூத் ரிமோட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

3. ஒன்றிரண்டு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் உள்ளே ரப்பர் பட்டனுக்கு அடியில் அழுக்கு இருக்கலாம், அல்லது கோடு பாதிதான் பொருந்துகிறது. ஒரே கம்பெனி டிவிக்கே பல கோடுகள் உண்டு. பவர், சத்தம் சரியாக இருந்து மெனு மட்டும் வராவிட்டால் பட்டியலில் அடுத்த கோடைப் போட்டுப் பாருங்கள்.

4. ரிமோட் சரியான மோடில் இருக்கிறதா? செட்டாப் பாக்ஸ் மோடில் இருந்துகொண்டு டிவியோடு பேசினால் டிவிக்குப் புரியாது.

5. டிவியின் ஓரத்திலோ அடியிலோ உள்ள பட்டன் வேலை செய்கிறதா? செய்தால் டிவி உயிரோடு இருக்கிறது. அடுத்து அதன் சென்சாரை எதுவும் மறைக்கிறதா, நேராக வெயில் படுகிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரீசெட். அதிலும் இரண்டு வகை. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஏதாவது ஒரு பட்டனைக் கால் நிமிஷம் அமுக்கிப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, திரும்பப் போடும்போது சிப் புதிதாகத் தொடங்கும். முதலில் இதைச் செய்யுங்கள். கோடுகளைப் பேட்டரி தயவில் வைத்திருக்கும் பழைய ரிமோட் என்றால் இதிலும் அழியலாம், ஜாக்கிரதை. இரண்டாவது, ஃபேக்டரி ரீசெட். நாம் போட்ட கோடுகளும், பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பட்டன்களும் எல்லாம் போய்விடும். அசல் ரிமோட் கையில் இல்லாவிட்டால் கற்றுக்கொண்டவை திரும்பவே வராது. கோடை ஒரு சின்னச் சீட்டில் எழுதி பேட்டரி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நான் செய்யாத காரியம் இது.

அம்மா சொன்னதை இப்போது திரும்பப் படியுங்கள். சேனல் மாறுகிறது: பேட்டரி, எல்இடி சரி. வாசற்படியில் நின்றால் எப்போதாவது டிவி கேட்கிறது: கோடு சரி, மோடும் சரி, டிவியின் சென்சாரும் சரி. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள பாதை மட்டும். ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் என்பதால் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. போனை வைக்காமல் "டிவி முன்னாடி புதுசா ஏதாவது வச்சியாம்மா?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

ஊருக்குப் போனதும் கோடு தேடிப் போட உட்கார்ந்தேன். செட்டாப் பாக்ஸ் உடனே கிடைத்தது. டிவி மட்டும் எந்தக் கோடுக்கும் அசையவில்லை. அப்புறம்தான் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஹாலில் வெள்ளையடித்தபோது சுவரிலிருந்து இறக்கிய அப்பாவின் படத்தை அம்மா டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்தார். சட்டத்தின் மேல்விளிம்பு டிவியின் அடியில் இருந்த சின்னக் கறுப்புக் கண்ணாடியைச் சரியாக மறைத்திருந்தது.

"அங்கயே இருக்கட்டும்ப்பா, பாத்துக்கிட்டே இருக்கலாம்னுதான் வச்சேன்" என்றார் அம்மா. படத்தை நாலு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினேன். இரண்டாவது கோடிலேயே டிவி அணைந்தது.