அப்போது பத்து நாள், இப்போது ஓரிரு நாள்

எழுத்தறிவு இயக்கமான அறிவொளியின் கலைக்குழுவில் இருந்தவர்களைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மைக் இல்லாமலே ஊர்க்கோடி வரை கேட்கும். பிறவிக் குரல் அல்ல, 1990களின் தொடக்கத்தில் நடந்த பயிற்சி முகாம்களில் கத்திக் கத்திப் பழகிய குரல்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு வகுப்புக்கு ஆள் சேர்க்க நோட்டீஸ் அடித்து என்ன பயன், படிக்கத் தெரியாதவர்களுக்குத்தானே வகுப்பு? ஆகவே பாட்டும் வீதி நாடகமும் முன்னே போயின. நடித்தவர்கள் பெரும்பாலும் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்த இளைஞர்கள். பெண்கள் சிலர்தான். அவர்களில் பலருக்கு வீட்டுக்கு வெளியே தங்கிய முதல் இரவே முகாமில்தான்.

முகாம் என்றால் விடுமுறையில் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடம், சாம்பார் சாதம், ஒரு வாரம் பத்து நாள். காலையில் உடற்பயிற்சி, குரல் பயிற்சி. பிறகு 'கிணற்றடியைக் காட்டுங்கள்' என்பார் பயிற்சியாளர். நாலு பேர் கைகோத்துக் குனிந்தால் கிணற்றுச் சுவர். ஒரு துண்டு கயிறாகும். ராட்டினத்தின் கிரீச்சொலிக்கு ஒருவன் வாய். அந்தக் கிணற்றடியில் இரண்டு பெண்கள் பேச ஆரம்பித்தால், ரேஷன் கடையில் கைநாட்டு வைத்து ஏமாந்த கதை தானாக வந்துவிடும். வசனத்தை யாரும் எழுதித் தரவில்லை. அரங்கமும் திரையும் இல்லாத இந்த நாடக முறைக்கு, 1980இல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை தமிழ்நாட்டில் ஏற்கெனவே வழி திறந்திருந்தது.

'உன் எதிர்காலம் என்ன?' என்று முகாமில் யாரும் கேட்டதில்லை. வீட்டில்தான் கேட்டார்கள், 'கூத்தாடினா சோறு போடுமா?' என்று. ஆனால் சோறும் பக்கவாட்டில் வந்தது. கூட்டத்தின் முன் நின்று பேசக் கற்றவர்கள் ஆசிரியர்களாக, உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக, எழுத்தாளர்களாக ஆனார்கள். நெல்லைப் பக்கத்து அறிவொளி நாட்களை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' நூலில் எழுதியிருக்கிறார். தொண்டர்களின் வாழ்க்கை எப்படித் திசை மாறியது என்று அறிய அதைப் படிக்கலாம்.

முப்பது ஆண்டு கழித்து, கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. அதற்கும் கலைக்குழுக்கள்தான் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டின. மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. அவர்கள் பையில் பொம்மலாட்டத்துக்குப் பழைய காலுறை, கூடவே போட்டித் தேர்வு கைடு.

இவர்கள் 'இதனால் எனக்கு என்ன?' என்று நேராகவே கேட்கிறார்கள். பழைய தொண்டர்கள் சிலருக்கு இது சுருக்கென்று படுகிறது. எனக்குப் படவில்லை. பி.எட். முடித்துவிட்டுக் காத்திருக்கும் பெண், பிள்ளைகளோடு பழகத் தனக்கு வருமா என்று பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் எது? காலுறையில் பொத்தானைத் தைத்துக் கண் வைத்து, கிளிக்குரலில் கழித்தல் கணக்குச் சொல்லும்போது, முதல் வரிசைப் பையன் சிரிக்கிறானா என்று அவர் பார்க்கிறார். சிரித்தால், தான் ஆசிரியராகலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வருகிறது. தியாகம் என்ற பெயரில் இளைஞர்களின் உழைப்பை இலவசமாக வாங்கிய காலத்தைவிட இது நேர்மையானது.

குறைந்துபோனது பயிற்சி நாட்கள்தான். வட்டார வள மையத்தில் ஓரிரு நாளில் பயிற்சி முடிகிறது. காகித மடிப்பும் கதை சொல்லலும் அதற்குள் வந்துவிடும். மிச்சம் வாட்ஸ்அப்பில் வீடியோ. ஆனால் கூச்சம் ஓரிரு நாளில் போகாது, நாலாம் நாள்தான் போகும். தனக்கு எது வரும், எது வராது என்பதும் அதற்குப் பிறகுதான் தெரியும்.

கலைப் பயிற்சிக்குத் திட்டம் போடுகிறவர்கள் மாவட்டத்துக்கு ஒரு முகாமாவது பத்து நாள் நடத்தட்டும். தங்குமிடத்துக்குப் பஞ்சமில்லை, கோடையில் அரசுப் பள்ளிக் கட்டடங்கள் இப்போதும் காலியாகத்தான் இருக்கின்றன.