காட்டுத் தாயின் பிள்ளை

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் செல்லும் சாலை, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தியை அடைகிறது. விடுமுறை நாட்களில் பட்டணத்து ஜனங்கள் மானையும் மயிலையும் பார்ப்பதற்காக அங்குள்ள வனவிலங்குப் பூங்காவுக்குக் குழந்தை குட்டிகளுடன் வருவார்கள். வெயில் தாழ்ந்ததும் திரும்பி விடுவார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் பார்க்கத் தகுந்த விஷயம் ஒன்று இரவு பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பமாகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. கோடைத் திருவிழாக் காலத்தில் ஏதேனும் ஒரு திரௌபதி அம்மன் கோவில் திடலில் 'அரவான் களபலி' கூத்து நடக்கிறதென்று காதில் விழுந்தால், வாசகர்கள் ஒரு பாயையும் கொஞ்சம் வறுத்த மல்லாட்டையையும் எடுத்துக்கொண்டு தாராளமாகப் புறப்படலாம். தூக்கம் போகும், ஆனால் நஷ்டம் இராது.

"பாரதக் கதையைத்தான் டெலிவிஷனில் பார்த்து விட்டோமே!" என்று சிலர் சொல்லக்கூடும். நானும் பார்த்தவன்தான். பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் 2 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி, 1990 ஜூன் 24 வரையில் 94 பகுதிகளாக வந்தபோது எனக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் தெருவில் பெட்டி இருந்த வீட்டுக் கூடம் நிறைந்து திண்ணை வரையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஹிந்தியில் ஒரு வார்த்தை அறியாத கிழவிகள், ஹிந்தி தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கே கதை சொல்லிக் கொடுப்பார்கள். 2020 ஆம் வருஷத்து ஊரடங்கில் அதே தொடர் மறுபடி வந்தபோது, அந்தக் கிழவிகள் இல்லாத குறை ஒன்றுதான்.

அத்தொடரில் கடோத்கசன் மடிகிற கட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாயப் போரில் வல்லவனான பீமனுடைய மகன், அர்ஜுனனுக்கென்று கர்ணன் பத்திரமாக வைத்திருந்த சக்தி ஆயுதத்தைத் தன் மார்பில் ஏற்றுக்கொள்கிறான். சாகும்போதுகூடத் தன் பேருடலைக் கௌரவ சேனையின்மேல் சாய்த்து விடுகிறான். சிறுவர்களாகிய நாங்கள் கைதட்டினோம். சாகிறவனுக்கு ஒரு தாய் உண்டு என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. கைதட்டி முடிப்பதற்குள் விளம்பரமும் வந்து விட்டது.

கூத்துத் திடலில் அப்படிச் சுலபமாகத் தப்பித்துக்கொள்ள முடியாது.

அரவான் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன் அவன். யுத்தம் தொடங்குமுன் காளிக்குக் களபலி கொடுக்கிறவர்களுக்கே வெற்றி. பலியாகிறவன் 32 லட்சணங்களும் பொருந்தியவனாக இருக்கவேண்டும். சாஸ்திரம் அறிந்த சகதேவன், பகைவன் என்றும் பாராமல் துரியோதனனுக்கே நாள் குறித்துக் கொடுத்து விடுகிறான். அவன் நேரே அரவானிடம் போய்ச் சம்மதமும் வாங்கி விடுகிறான். கண்ணன் சும்மா இருப்பானா? அமாவாசைக்கு முதல் நாளே தர்ப்பணம் செய்ய உட்காருகிறான். சூரியனும் சந்திரனும் திகைத்துப்போய் ஒன்றாக வந்து காரணம் கேட்கிறார்கள். "நீங்கள் இருவரும் கூடியிருக்கிறீர்களே, இதுதான் அமாவாசை" என்கிறான் கண்ணன். பலி பாண்டவர்களுடையதாகி விடுகிறது. அரவான் தன் கையாலேயே தன் அங்கங்களை அரிந்து கொடுத்துவிட்டு, போர் முடியும் வரையில் அதைப் பார்க்கும் வரத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறான்.

வியாச பாரதத்தில் இவ்விதமான களபலி கிடையாது. அங்கே அவன் எட்டாம் நாள் யுத்தத்தில் அலம்புசன் என்ற அரக்கனால் கொல்லப்படுகிறான். களபலியைத் தமிழில் முதலில் சொன்னது 9 ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் இயற்றிய பாரத வெண்பா. பின்னர் வில்லிபுத்தூராரும் பாடினார். ஆகவே தமிழ் நாட்டார் இந்தப் பிள்ளையை ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தங்கள் பிள்ளையாகவே வைத்திருக்கிறார்கள். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியன்று திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுவதைப் பத்திரிகைகளில் யாவரும் படித்திருப்பீர்கள்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் எல்லாம் மனித உடம்பினால் ஆகிறது. கல்யாணமுருங்கை மரத்தில் செய்து கண்ணாடிச் சில் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் பூட்டிக்கொண்டு, வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வருகிறார். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் சேர்ந்து ஊரை எழுப்புகின்றன. நடு நிசி வரையில் கட்டியக்காரன் நம்மைச் சிரிக்க வைக்கிறான். பிறகு நாககன்னி வருகிறாள். ஆண்பிள்ளை ஒருவர்தான் அந்த வேஷத்தைப் போட்டிருப்பார், குரல் கரகரவென்றிருக்கும். ஆனால், "போகாதேடா மகனே" என்று அவர் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும்போது, அதுவரை மடியில் பிள்ளைகளைப் போட்டுத் தூங்கவைத்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவள் காளியை ஏசுகிறாள், கண்ணனையும் ஏசுகிறாள். கோவில் திடலிலே, சுவாமிக்கு எதிரிலேயே! ஊரார் ஒருவரும் தடுப்பதில்லை.

சென்ற வருஷம் ஒரு கூத்துக்குப் பிறகு வகுப்பில் அதைப்பற்றிப் பேசினேன். மலைக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவன் ஒருவன் எழுந்து, "அவனோட அப்பாவும் அங்கேதானே ஸார் நின்னுக்கிட்டு இருந்தார்? அவருக்கும் 32 லட்சணம் உண்டுதானே?" என்று கேட்டான்.

உண்டு. கதைப்படி அரவானைத் தவிர அந்த லட்சணங்கள் பொருந்தியவர்கள் பாண்டவர் பக்கத்தில் கண்ணனும் அர்ஜுனனும்தான். கண்ணன் இல்லாமல் யுத்தம் இல்லை, அர்ஜுனன் இல்லாமல் வெற்றி இல்லை என்று பண்டிதர்கள் சமாதானம் சொல்வார்கள். நானும் அதையே சொல்லி வைத்தேன். பையன் உட்கார்ந்து விட்டான். ஆனால் என் மனம் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய்த் துரோண பருவத்தை எடுத்துப் புரட்டினேன். கடோத்கசன் மாண்டபோது பாண்டவர்கள் அழுகிறார்கள். கண்ணன் மட்டும் அர்ஜுனனைத் தழுவிக்கொண்டு ஆனந்தக் கூத்தாடுகிறான். நானும் சிறு வயதில் கைதட்டியவன்தானே என்று நினைத்துக்கொண்டேன். கடோத்கசன் யார்? இடும்பியின் மகன். அரவான் யார்? உலூபியின் மகன். இருவரும் அப்போது அரண்மனைக்கு வெளியே இருந்த தாய்மாரின் பிள்ளைகள். சுபத்திரையின் மகன் அபிமன்யுவும் இறந்தான். ஆனால் அவனுக்காக அர்ஜுனன் மறுநாள் சூரியன் மறைவதற்குள் பழி வாங்குவதாகச் சபதம் செய்தான். அரவானுக்காக எந்தச் சபதமும் செய்ததாகக் கூத்து சொல்லவில்லை.

இந்த எண்ணத்தோடு சேர்ந்து, 2015 ஜனவரி 31 என்ற தேதி எனக்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அன்று விடியுமுன் ராணிப்பேட்டையில் தோல் கழிவு நீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய தாய்மார்கள் அழுத பாஷை நமக்குத் தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் உலகமெங்கும் போய்த் தேசத்துக்குப் பணம் கொண்டுவருகிறதென்று நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லுவதுண்டு. இனியும் சொல்வேன்; ஆனால் அந்தப் 10 பேரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

கூத்து முடிந்த அந்த விடியற்காலைக்கு வருகிறேன். அரவான் பலியாகி, கூட்டம் கலைந்து, மலைப்பக்கம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஷூ கம்பெனி பஸ் சாலையில் வந்து ஹாரன் அடித்தது. இரவெல்லாம் விழித்திருந்த பெண்கள் சிலர் பாயைச் சுருட்டி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓடினார்கள். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அரவானாக ஆடிய இளைஞர் வியர்வையில் அரிதாரம் வழிய, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அர்ஜுனன் வேஷம் போட்டவர் இன்னும் தம் கிரீடத்தைக்கூடக் கழற்றவில்லை. அந்தப் பிள்ளையின் தோளில் இறுகிக் கிடந்த கயிற்று முடிச்சை அவிழ்த்து, புஜக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.